இரண்டு ஓட்டைகளும் ஒரு மெமோவும்

போன வாரம் கவிதா போன் செய்தாள். ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், தரச்சோதனைப் பிரிவில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். கப்பற்படைக்குத் தைக்க வேண்டிய பூட்ஸ் ஆர்டரை மறுபடியும் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். தரையிறக்கக் கப்பல்களுக்கு இந்த வருஷமும் பணம் ஒதுக்கவில்லை, கப்பல் வந்தால்தான் ஆள், ஆள் வந்தால்தான் பூட்ஸ் என்று கடிதம் வந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, “மேடம், கம்பெனி ஆண்டு மலர் போடுறோம். ரிட்டயர் ஆனவங்க சார்பா நீங்க ஒரு அனுபவம் எழுதித் தரணும். கொஞ்சம் நல்லபடியா எழுதுங்க” என்றாள்.

நல்லபடியாக என்றால் யாரையும் திட்டாமல் என்று அர்த்தம். முயற்சி செய்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தரையிறக்கக் கப்பல் என்பது துறைமுகம் இல்லாத கரையில் படையை இறக்குகிற கப்பல். கரைக்கு எவ்வளவு கிட்டே வர முடியுமோ அவ்வளவு கிட்டே வந்து, முன்பக்கக் கதவைத் திறந்து, லாரியின் பின்கதவை இறக்குவது மாதிரி ஒரு சாய்தளத்தை இறக்கும். வண்டியும் ஆளும் அதன் வழியாகத் தண்ணீரில் இறங்கிக் கரையேறுவார்கள். கடலை நான் மொத்தமே நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன், நாலும் மெரினாவில். ஆனால் அந்த ஆட்கள் காலில் போடுவதைத் தைத்தது நாங்கள்.

இந்தக் கப்பல்கள் வருமா வராதா என்பதை நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஒரு வருஷம் நிறைய வாங்கப்போகிறோம் என்பார்கள். அடுத்த வருஷம் நீர்மூழ்கிக்கே பணம் போதவில்லை என்பார்கள். ஏவுகணைக் காலத்தில் கரையில் போய் இறங்குகிற சண்டையே இனி வராது என்று ஒரு பெரிய மனிதர் பத்திரிகையில் எழுதுவார். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அந்தக் கப்பல்தானே கைகொடுக்கிறது என்று இன்னொருவர் பதில் எழுதுவார். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. வேண்டும் என்றால் வாங்குங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலையுங்கள். அவர்கள் பரிசீலித்துக்கொண்டே இருக்கும்போது இங்கே ஒரு தையல் வரிசை முழுதும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

என் அப்பா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். என்னை நர்ஸ் ஆக்குவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் நான் மயங்கி விழுந்ததால் ஷூ கம்பெனிக்குப் பசை தடவப் போனேன். பசை மேஜை, ஓரம் மடிக்கும் மேஜை, தையல் மேஜை என்று பன்னிரண்டு வருஷம் போயிற்று. பிறகு சோதனைப் பிரிவில் போட்டார்கள். போட்ட முதல் மாதமே ஓர் அவமானம் நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அரசாங்க ஆர்டர் என்றால் முதலில் ஒரு ஜோடி மாதிரி ஷூ வரும். இடது கால் அரசு ஆய்வு அலுவலகத்தில் இருக்கும், வலது கால் கம்பெனிக்கு வரும். நடுவில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத் தோலில் ஓட்டை போட்டு, சணல் கயிறு கோத்து, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியிருப்பார்கள். மாதிரியில் உள்ளது உள்ளபடி தைக்க வேண்டும், அந்த சீல் ஓட்டையைத் தவிர. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு காவலர் ஷூவுக்கு முதல் ஜோடி தைத்தபோது, சீல் ஓட்டையையும் அளவெடுத்து அதே இடத்தில் அச்சு அசலாகப் போட வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஃப்ளோர் முழுக்க அந்த ஷூவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தது. “அரக்கையும் ஊத்திக் குடுத்துடு ரெஜினா” என்றார்கள். ஒரு வருஷம் எனக்கு ‘ஓட்டை ரெஜினா’ என்றே பெயர். அதற்குப் பிறகு கயிறு கோத்த ஓட்டை எதையும் நான் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கும் முதல் நாளே, “சீல் ஓட்டைய மறந்துடு” என்றுதான் சொல்லிக்கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தரையிறக்கக் கப்பல் பூட்ஸ் ஆர்டர் வந்தது. முதல் தவணை மூவாயிரம் ஜோடி, அது முடிந்ததும் அடுத்த தவணை. நாற்பத்திரண்டு பெண்கள் கொண்ட ஒரு தையல் வரிசையை அதற்கென்றே ஒதுக்கினோம். வரிசைக்குத் தலைவி சுமதி. மாதனூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் அவள் மெஷினில் எட்டுதான், ஒன்பது விழாது, ஏழும் விழாது.

மேனேஜர் அன்வர் பாய் மேல்விஷாரத்துக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. முடியாது என்று சொல்லவும் மாட்டார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சாய் வரவழைப்பார். கண்ணாடி டம்ளர் மேஜைக்கு வந்துவிட்டால் கேட்டது கிடைக்காது என்று அர்த்தம். சம்பள உயர்வு கேட்டு நான் அவர் அறையில் ஏகப்பட்ட சாய் குடித்திருக்கிறேன்.

ஆய்வு அலுவலகத்திலிருந்து வருபவர் பரமசிவம். மெட்ராஸிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குவார். சொந்த ஸ்கேல், சொந்த பூதக்கண்ணாடி, சொந்த வெந்நீர் ஃப்ளாஸ்க். எங்கள் மேஜையை எங்கள் துணியால் துடைத்தாலும் தன் கைக்குட்டையால் இன்னொரு முறை துடைப்பார். மாதிரி இருக்கும் பீரோவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அவரிடம். இரண்டு பேரும் நின்று திறந்து, மாதிரியை நடுவில் வைத்து, இஷ்டப்பட்ட அட்டைப்பெட்டிகளை அவர் கைகாட்ட, ஒவ்வொரு பூட்ஸாக எடுப்போம். எடை, தோலின் தடிமன், தையல் எண்ணிக்கை, சோல் ஒட்டியிருக்கும் பலம் எல்லாம் பார்ப்பார். எதைக் கேட்டாலும், “மாதிரி என்ன சொல்லுதோ அதான் மேடம் நானும் சொல்வேன்” என்பார். எல்லாம் சரியாக இருந்தால் படிவத்தில் முதலில் நான் கையெழுத்துப் போட வேண்டும், ‘மாதிரியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று. என் கையெழுத்து இல்லாமல் அவர் போட முடியாது. பிறகு பையிலிருந்து ஒரு சின்ன துணிப்பையை எடுப்பார். அதில் அரக்குக் குச்சி, மெழுகுவத்தி, பித்தளை முத்திரை. பாஸ் ஆன பெட்டிகளுக்கு சீல் வைத்துவிட்டு, கை கழுவி, சாயங்கால ரயிலைப் பிடிப்பார்.

அந்த மூவாயிரம் ஜோடியும் மார்ச் கடைசி வாரத்தில் தயாராகிவிட்டது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பாஸ் ஆகிப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷத்துப் பட்ஜெட் பணம் திரும்பிப் போய்விடும், ஆர்டரும் அதோடு போகும். நாலு மாதம் கோப்பைத் தூங்கவிட்டு மார்ச்சில் எழுப்புகிறவர்கள்தான் இந்த விதியையும் எழுதியவர்கள்.

பரமசிவம் வருவதற்கு முன் கடைசிச் சோதனை உப்புத்தண்ணீர். பாய்லர் ரூம் பின்னால் ஒரு தொட்டியில் உப்பைக் கரைத்து ஆறு ஜோடியை ஒரு நாள் முழுக்க ஊறவிட்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கேட் செக்யூரிட்டி ஏழுமலை அந்தப் பக்கம் வந்தார். கலவை ஊர்க்காரர். பதினைந்து வருஷம் கப்பற்படையில் இருந்தவர், கடைசி ஐந்து வருஷம் ஒரு தரையிறக்கக் கப்பலில். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“இன்னா மேடம், கவுத்து ஊத்துறீங்க?”

“தண்ணிய வேற எப்படி எடுக்கறது?”

“அதான் நானும் கேக்கறேன். கரையில எறங்குறவன் கால கவுத்து ஊத்துவானா?”

பூட்ஸை வாங்கி உள்பக்கம் விரலால் தடவினார். குதிகாலுக்கு முன்னால், பாதம் குழிவாக இருக்கும் இடத்தில். “இங்க ரெண்டு ஓட்ட இருக்கணுமே. பித்தள வல போட்டு. எங்க பூட்ஸ்ல இருந்துச்சு. ஒவ்வொரு அடிக்கும் தண்ணி பீச்சிக்கினு வெளிய போவும்.”

“இல்லன்னா?”

“கதவு தொறந்தா மணல்லயா மேடம் எறக்கி வுடுவான்? இடுப்பு வரைக்கும் தண்ணி. முதுகுல மூட்ட, கையில துப்பாக்கி. பூட்ஸ்ல தண்ணி ரொம்பிட்டா காலு எழும்பாது. பின்னால வர்றவன் மேல வந்து வுழுவான், அவனுக்குப் பின்னால வண்டி. பயிற்சியிலயே என் தோஸ்த் ஒருத்தன் கணுக்கால் போச்சு. அதுக்கப்புறம்தான் ஓட்ட போட்ட பூட்ஸ் குடுத்தான்.”

மாதிரி பூட்ஸில் ஓட்டை இருந்தது. உள்பக்கம், அதே குழிவில், இரண்டு. அவற்றின் வழியாகத்தான் சணல் கயிறு போயிருந்தது. இரண்டின் மேலும் அரக்கு. அதைப் பார்க்காதே என்று ஃப்ளோர் முழுக்கச் சொல்லிவைத்தவள் நான்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு வந்தது ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ். நாலாம் பக்கத்தில் அந்த இடத்தில் இரண்டு புள்ளி இருந்தது. அதே பக்கத்தில் மெஷின் தூசியால் விழுந்த புள்ளிகள் இருபதாவது இருக்கும். ஆய்வு அலுவலகத்துக்குப் போன் போட்டு, அவர்களிடம் இருக்கும் இடது காலைப் பார்க்கச் சொன்னேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது. “அதுலயும் இதே மாதிரிதான் கயிறு கோத்து சீல் போட்டிருக்கு மேடம். மேட்ச் ஆகுது.” மேட்ச் ஆகாமல் என்ன செய்யும்.

அன்வர் பாய் அறைக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு பெல்லை அடித்தார். சாய் வந்தது.

“ரெஜினாம்மா, ஓட்டைதான? போட்டுரலாம். ஆனா மாதிரியில அது சீல் ஓட்டைன்னு அவங்க சொன்னா, நம்ம பூட்ஸ் மாதிரிக்கு ஜாஸ்தி ஆயிடும். ரிஜெக்ட் பண்ணிருவாங்க. போடலன்னா பாஸ் ஆயிடும்.”

“பாஸ் ஆயி, அந்தப் பசங்க தண்ணில வுழுந்தா?”

“சாய் ஆறுது, குடிங்க.”

சுமதியைக் கூப்பிட்டு, ஓட்டை போட்டு, வலை வைத்த பித்தளைக் குமிழ் அடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். மெட்ராஸ் பெரியமேட்டிலிருந்து குமிழ் வந்துவிட்டால், நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தால், மூன்று நாள் என்றாள். இருபத்தேழாம் தேதி பரமசிவம் வந்தார். நாலு நாள் இருந்தது.

மேஜையைத் துடைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பூதக்கண்ணாடியை எடுத்து அரக்கைப் பார்த்தார். அரக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

“உள்ள வலை இருக்கலாம், இல்லாம இருக்கலாம்” என்றார்.

“சீல எடுத்துப் பாத்துடலாமே சார்.”

“சீல் உடைஞ்சா இது மாதிரி இல்ல மேடம், வெறும் பூட்ஸ். மாதிரி இல்லாம எதையும் பாஸ் போட முடியாது. மாதிரிக்கு மறுபடி சீல் வைக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. ஹெட் ஆபீஸ்தான் வைக்கணும். மூணு மாசம் ஆகும்.”

“அப்ப என்ன பண்ணலாம்?”

“நீங்க சீல் ஓட்டைன்னு நினைச்சீங்க, நானும் நினைச்சேன். பேப்பர்ல எல்லாம் சரி. கையெழுத்துப் போடுங்க, நானும் போடுறேன்.”

படிவத்தை என் பக்கம் தள்ளினார். அன்வர் பாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சுமதி நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் வரிசை முழுக்க மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டால் அவர்களுக்கு இன்னும் ஆறு மாத வேலை. போட்டால் அந்தப் பூட்ஸ் கப்பலுக்குப் போகும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு சொட்டு அரக்குக்கு அடியில் இருப்பதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிறோமே என்ற கோபம். நூல் வெட்டும் கத்தியை எடுத்து அரக்கின் ஓரத்தில் விட்டுத் திருப்பினேன். உடைந்து மேஜையில் சிதறியது. கயிற்றை இழுத்தேன். கீழே பித்தளை வலை, புத்தம்புதிதாக, இரண்டு.

பரமசிவம் போய்க் கை கழுவிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தார். எனக்கு மெமோ. ‘முத்திரையிட்ட மாதிரியை வேண்டுமென்றே சேதப்படுத்தியது.’ ஓட்டை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அன்வர் பாய் கம்பெனி சார்பில் அதை வாங்கிக்கொண்டு, என் ஃபைலில் வைத்தார்.

முப்பத்தொன்று வந்தது, போனது. பணம் திரும்பிப் போயிற்று. மூவாயிரம் ஜோடியும் கிடைத்த விலைக்கு ஏதோ செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போனது. ஏழுமலைக்கும் ஒரு ஜோடி வந்து, காய்ந்த தரையில் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டு திரிந்தார். நாற்பத்திரண்டு பேருக்கும் அழைக்கும்வரை வர வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சுமதி பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

“ஓட்டைக்கோசரமாக்கா?”

“தண்ணில எறங்குற பசங்களுக்கோசரம்.”

“அவங்கள எனக்குத் தெரியாதுக்கா. என் வூட்ல நாலு பேரு இருக்காங்க, அவங்களத் தெரியும்.”

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மூன்று மாதம் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது நான் வெளியே வருவதில்லை. பாதிப் பெண்கள் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

ஜூலையில் ஆர்டர் மறுபடி வந்தது, பாதி அளவுக்கு. புது பட்ஜெட்டில் ஒரு கப்பலைத் தள்ளிவைத்துவிட்டதால் பாதி ஆளுக்குப் போதுமாம். இருபது பேரைக் கூப்பிட்டார்கள். சுமதி வந்தாள், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. திருத்திய விவரக்குறிப்பில் ‘நீர் வெளியேற வலையிட்ட துளைகள், இரண்டு’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. புது மாதிரியைப் பரமசிவமே கையில் எடுத்து வந்தார். கூடவே ஒரு கடிதம், ‘சரிபார்த்து அனுப்புபவர்’ என்ற இடத்தில் அவர் கையெழுத்தோடு.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஓட்டை வழியாகவும் சணல் கயிறு போயிருந்தது. இரண்டின் மேலும் அரக்கு.

அன்வர் பாய் பெல் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டு அடிக்காமல் எடுத்துக்கொண்டார். “ஓட்ட ரெடியா இருக்குதே, எதுக்கு இன்னொண்ணு போடணும்னு கோத்திருப்பான்” என்றார் மெதுவாக.

சுமதி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, யாரையும் கேட்காமல், பாதித் தண்ணீரை அந்த மாதிரி பூட்ஸுக்குள் ஊற்றினாள். தூக்கிப் பிடித்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

“சார், தண்ணி நிக்குது” என்றாள்.

பரமசிவம் பூட்ஸைப் பார்த்தார். கடிதத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பிளேடை எடுத்து இரண்டு அரக்கையும் தானே உடைத்தார். கயிற்றை உருவி, மேலே லேஸ் போடுகிற ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டார். பையிலிருந்து துணிப்பையை எடுத்தார். மெழுகுவத்தியைக் கொளுத்தி, அரக்கை உருக்கி, பித்தளை முத்திரையை அழுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மொத்தம் நாலு நிமிஷம். அந்தத் துணிப்பை மார்ச்சிலும் அதே பையில் அதே மேஜையில்தான் இருந்தது.

“மறுபடி சீல் வைக்க அதிகாரம் இல்லன்னு சொன்னீங்களே சார்.”

“இப்பவும் இல்ல.”

“அப்ப என் மெமோ?”

“அது வேற ஃபைல் மேடம்.”

சுமதி என் முகத்தைப் பார்த்தாள், மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை மறுபடி பூட்ஸுக்குள் ஊற்றினாள். இரண்டு ஓட்டை வழியாகவும் இறங்கி, மேஜையில் ஓடி, அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு அடியில் போயிற்று. துடைக்கும் துணி என் கையில்தான் இருந்தது. நான் துடைக்கவில்லை.